இரண்டு பிரதியிலும் உண்ணாமலை

திருவண்ணாமலை ரத்ததானச் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதைச் சந்திரகலாதான் பார்த்துக்கொண்டாள். ரத்தம் கொடுப்பவர்களின் விவரம் ஓர் அட்டவணையில், கொடுத்த தேதிகள் இன்னோர் அட்டவணையில். இரண்டையும் இணைப்பது அவரவர் எண். அந்த டேட்டாபேஸின் பிரதி ஒன்று வேலூர்க் கிளையிலும் இருந்தது. இரண்டு ஊரிலும் தனித்தனியே திருத்தியதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவள் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். வேலூர்ப் பிரதி அடங்கிய ஃப்ளாப்பி அன்று காலைதான் பஸ்ஸில் வந்தது.

அதை உறையிலிருந்து எடுப்பதற்குள் சங்கச் செயலாளர் ஆதிமூலம் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் தனம் என்ற பெண்ணுக்குப் பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். ஓ நெகட்டிவ் உடனே வேண்டும். சந்திரகலாவின் பிரதி காட்டிய ஒரே பெயர் கீழ்பென்னாத்தூர் உண்ணாமலை. அந்தத் தெருக் கடைக்குப் போன் செய்தார்கள். கல்யாணமாகிப் போய்விட்டாள், எந்த ஊரென்று தெரியாது என்றார் கடைக்காரர். ஃப்ளாப்பியைப் போட்டு வேலூர்ப் பிரதியில் தேடினால் இந்தப் பக்கம் ஓ நெகட்டிவ் ஒருவருமே இல்லை.

ஆதிமூலம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சந்திரகலா ஒப்பிடும் புரோகிராமை ஓடவிட்டாள். ஒரே எண்ணுக்கு இரண்டு பிரதியிலும் வேறுபட்ட வரிகள் மட்டும் திரையில் ஏறின. இனிஷியல், வயது, தெருப்பெயர்... ஒரு வரியில் அவள் பார்வை நின்றது.

“சார், இங்க பாருங்க. அதே உண்ணாமலைதான். வேலூர்ல அட்ரஸை அடி அண்ணாமலைனு மாத்திட்டாங்க. குரூப்பை மட்டும் பாசிட்டிவ்னு போட்டிருக்காங்க. அதான் தேடினப்ப வரல.”

“குரூப்பு எதும்மா சரி?”

“தெரியலைங்க. ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணிடுவாங்க. இப்ப ஆளைப் புடிக்கணும்.”

ஆதிமூலத்தின் ஜீப் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் பறந்தது. கொல்லையில் மல்லாக்கொட்டை பிடுங்கிக்கொண்டிருந்த உண்ணாமலை விஷயத்தைக் கேட்டதும் கையைக்கூடக் கழுவவில்லை. மாமியாரிடம் சொல்லிவிட்டு, செம்மண் கையோடு ஏறிக்கொண்டாள்.

பரிசோதனை அறையின் வாசலில் சந்திரகலாவால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நர்ஸ் தலையை நீட்டி, நெகட்டிவ்தான், தனத்தின் ரத்தத்தோடு சேருகிறது என்றாள். சந்திரகலா பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள்.

மாலைக்குள் தனம் கண்விழித்துக் குழந்தையைக் கேட்டாள். ஆதிமூலம் உண்ணாமலையைப் பஸ் ஏற்றிவிடலாமா என்று யோசித்தார்.

“ஜீப்புலயே விட்டுடுங்க சார்” என்றாள் உண்ணாமலை. “எங்கூரு பாக்கட்டும்.”