மண்வெட்டிக்கு ஒரு மனு

கலேவெல யாகூப் அரசாங்க மண்வெட்டி கேட்டு எழுதிய மனுவோடு மாத்தளை விவசாயக் கந்தோருக்கு பஸ் ஏறி வந்தது இது மூன்றாவது தடவை. முதல் தடவை முத்திரை இல்லையென்றார்கள், அடுத்த தடவை கையெழுத்து இல்லையென்றார்கள். இதற்குள் நேற்றைய மழையில் வயல் வரம்பு உடைந்து, அடைக்கப்போன பழைய மண்வெட்டியும் பிடி செருகும் காது பிளந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் உடைப்பை அடைக்காவிட்டால் தண்ணீரோடு விதைத்த நெல்லும் போய்விடும். இரவல் கேட்கலாமென்றால் ஊரே மண்வெட்டியும் கையுமாக வயலில் நிற்கிறது.

கந்தோரில் கிளாக்கர் மகாலிங்கம். யாழ்ப்பாணத்து மனிதர். தமிழில் ஓர் ஒற்றுப்பிழை கண்டாலும் பொறுக்கமாட்டார்.

"மண்வெட்டி எண்டு ஒரு சாமான் லிஸ்ட்டில இல்லை, நானா. மமோட்டிதான் வந்திருக்கு."

"அது என்னங்கய்யா மமோட்டி?"

"இங்கிலீஷ் ஆயுதம். சீமையில இருந்து வந்தது. உமக்குப் பழக்கம் இராது."

யாகூபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறென்று பக்கத்து ஸ்டோருக்குள் புகுந்தார். காவலாளி கத்தக் கத்த ஒன்றைத் தூக்கிவந்து மேசையில், பைல்களின் மேலேயே வைத்தார்.

"இது என்னங்க?"

மகாலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "மண்வெட்டி."

"இதுதான் ஒங்க மமோட்டி! நாம மம்மட்டின்னோம், வெள்ளக்காரன் அத மமோட்டின்னு எழுதிக்கிட்டான். நம்ம சொல்ல நமக்கே இங்கிலீஷுங்கிறீங்களே, வெக்கமா இல்லயா?"

மகாலிங்கத்தின் முகம் கறுத்தது. மமோட்டி, மம்மட்டி, மண்வெட்டி என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். ஸ்டோருக்குள் எட்டிப்பாராமல் இருபது வருஷமாக அவர் லிஸ்ட்டில் எழுதிவந்த சொல். ஆனாலும் கந்தோர் கந்தோர்தானே!

"எல்லாம் சரி. லிஸ்ட்டில உள்ளபடிதான் மனு இருக்கோணும். திருத்தி எழுதும்."

யாகூப் பல்லைக் கடித்துக்கொண்டு 'மண்வெட்டி'யை வெட்டிவிட்டு 'மமோட்டி' என்று எழுதினார்.

புது மமோட்டியோடு ஊர் போய்ச் சேரும்போது அஸர் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. மனைவி நோனா உடைப்பில் சாக்கைத் திணித்து, அது நழுவாமல் அதன்மேலேயே சேற்றில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை மணி நேரமோ! யாகூப் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"மம்மட்டி கெடச்சிச்சா?"

"மண்வெட்டி இல்லயாம் புள்ள. இது மமோட்டியாம்."

"என்ன மண்ணாங்கட்டியோ! மொதல்ல மண்ண வெட்டிப் போடுங்க, காலு வெறச்சுப் போச்சு," என்றாள் நோனா.