கம்பைலர் வேண்டாத ஆறு பிளாப்பிகள்

"என் டிகிரி சர்டிபிகேட்டைத் தாங்க, அண்ணாச்சி."

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்பதுதான், வேலையில் சேர்ந்த அன்று வாப்பா சொல்லியனுப்பிய ஒரே புத்திமதி. குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் ஆபீஸில் சேருகிறவர்கள் அசல் சான்றிதழை ஒப்படைத்துவிட வேண்டும். மூன்று வருஷம் அது அவர் பீரோவில் கிடக்கும். நடுவில் கேட்டால் ஓடப் போகிறாள் என்று அர்த்தம். ஸமீஹாவுக்கு ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. மேலப்பாளையத்தில் அவள் வீட்டிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவள். உம்மா பீடி சுற்றிச் சுற்றிச் சம்பாதித்துக் கொடுத்த காகிதம் அது.

சங்கதி வள்ளியூரில் தொடங்கியது. அங்கே ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், பிரிவு, ஊர் எல்லாவற்றையும் தேடி எடுக்கிற மாதிரி ஒரு நிரல் ஸமீஹாதான் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆபீஸில் நூறு தடவை ஓட்டிப் பார்த்தாள், பிசகவில்லை. எப்படிப் பிசகும்? பட்டியலைத் திறந்து கொடுக்கிற டிரைவர், சி மொழியில் எழுதியதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற கம்பைலரை அந்தந்த மிஷினில் வைத்து, அங்கேயே கட்ட வேண்டிய ரகம். ஆபீஸ் மிஷினில் கம்பைலர் இருந்தது, ஆஸ்பத்திரி மிஷினில் இல்லை; முதல் தடவை ஆபீஸ் ஆள்தான் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்திருந்தார். அடுப்பில்லாத வீட்டுக்கு அரிசி கொடுத்தனுப்பிய கதைதான்.

வள்ளியூரில் ஹார்ட் டிஸ்க் போய், புதிது மாற்றினார்கள். பட்டியல் பிளாப்பியில் பத்திரமாக இருந்தது. திறக்கத்தான் வழியில்லை. கம்பைலரோடு ஆள் போய்ச் சேர இரண்டு நாள். அதற்குள் திசையன்விளையிலிருந்து பிரசவத்துக்கு வந்த ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் ஜமீலா பீவி ஞாபகத்தில் இருந்த பெயர்களை வைத்துத் தெருத்தெருவாக ஆளனுப்பி, ஒருவனைப் பிடித்துவிட்டார். அவள் பிழைத்தாள்.

ஜமீலா பீவி போனில் ஏசவில்லை. "அடுத்த தடவை எனக்கு ஞாபகம் வராமப் போயிட்டா என்ன செய்ய, மக்கா?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருக்கலாம்.

நாலு மாதம், சாப்பாட்டு நேரத்திலெல்லாம் உட்கார்ந்து, முழுக்க ஜாவா மொழியிலேயே புது டிரைவர் எழுதினாள். பட்டியலும் அதைத் திறக்கிற நிரலும் ஜாவா ஓடத் தேவையானதும் ஒரே இடத்தில். கம்பைலர் வேண்டாம், ஆறு பிளாப்பியிலிருந்து நகலெடுத்தால் தீர்ந்தது. இந்தத் தடவை ஆபீஸ் மிஷினை அவள் நம்பவில்லை. மாமா மகன் ஜீஷானின் டைப்பிங் சென்டரில், ஒன்றுமே போடாத மிஷினில் ஓட்டிப் பார்த்தாள். ஓடியது.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம்தான். தட்டிக்கூடக் கொடுத்தார். அப்புறம் யோசித்தார். வள்ளியூர்க்காரன் தானாகவே போட்டுக்கொண்டால் நாளைக்கு நாங்குநேரிக்காரனும் கேட்பான், பிறகு நம்மை யார் கூப்பிடுவார்கள் என்றார். பழையதே இருக்கட்டும், ஆளைச் சீக்கிரமாக அனுப்புகிறேன் என்றார். பத்து நாளாக அதே பாட்டு. ஆகவேதான் இன்று சர்டிபிகேட்.

அவர் பீரோவைத் திறந்து உறையை எடுத்தார். பூச்சி அரிக்காமலிருக்க உள்ளே வேப்பிலை போட்டிருந்தது. இலை பச்சையாக இருந்தது, சமீபத்தில்தான் மாற்றியிருக்கிறார். ஸமீஹாவுக்கு எரிச்சலாக வந்தது. மனுஷன் அயோக்கியனாக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

"உன்னைத் தடுக்கலை, தாயி. பிளாப்பியை வச்சிட்டுப் போ."

"ஒரு செட்டு உங்க மேசையில இருக்கு. எப்படி எழுதினேன்னும் பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன். இன்னொண்ணு வள்ளியூருக்குப் போவுது."

"நான் கூடாதுங்கேன்."

"பத்து நாளா அதைத்தான சொல்லுதீங்க, அண்ணாச்சி. அங்கன அந்த நர்ஸ் ஞாபகத்தை நம்பி உக்காந்திருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

"அந்த ஆஸ்பத்திரி மிஷின் பிளாப்பியைப் பையத்தான் படிக்கும்," என்றார் கடைசியில். "நின்னு போச்சுன்னு நெனச்சு நடுவுல உருவிராத. நீ அவசரக்காரி."

"உருவ மாட்டேன்."

அடுத்த வேலை எங்கே என்று வாப்பா கேட்பார். இப்போதைக்குத் தெரியாது. ஸமீஹா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, வள்ளியூர் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.