காற்றாடிக்கு வெட்டிய சட்டைக் கை

1

நேரில் நன்றி சொல்ல முடியாததால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். மச்சானிடம், அதாவது என் மனைவியின் தம்பியிடம், ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "என்ன மாமா, என்னை வேத்து ஆளாக்குறீங்களா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்புறம் ரெண்டு நாள் நான் கூப்பிட்டால் போனையே எடுக்கவில்லை. நல்லவேளையாக அவன் கதை படிப்பதில்லை. இங்கே தைரியமாகச் சொல்லலாம்.

2

முதல் வரி:

காற்று என்பது ஒரு

வேண்டாம். இப்படி அழகாக ஆரம்பித்தால் கடைசிவரை அழகாகவே எழுதித் தொலைக்க வேண்டியிருக்கும். இன்னொன்று:

தையல்காரன் ஒருவன் மின்சாரம் தயாரிக்க முடிவு செய்தபோது

இதுவும் வேண்டாம். யாருக்காக என்று சொல்லாமல் ஆரம்பிப்பது ஏமாற்று வேலை.

என் மனைவிக்காக. நகரத்தின் ஓரத்தில் குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் அவள் காய்கறி போட்டிருக்கிறாள். முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு வாளி தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர்த் தொட்டி சரிவுக்குக் கீழே, பாத்திகள் மேலே. கரண்டு கம்பி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நான் தூக்கி ஊற்றுகிறேன் என்றேன்.

"நீங்க ஊத்துனா அது உங்க தோட்டம். என் கையால தண்ணி விட முடியலைன்னா இந்த மாசத்தோட நிலத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம்."

அழவில்லை. கத்தரிச் செடியில் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

(சூரியத் தகடு வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பக்கத்துக் கிடங்கின் சுவர் எங்கள் வெயிலை விழுங்கிவிடுகிறது. காற்று மட்டும் அந்தச் சுவரின் மூலையில் திரும்பி இன்னும் வேகமாக வருகிறது.)

3

மச்சான் தையல்காரன். இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது, யார் நம்புவார்கள் என்று. ஒரு பிரதியில் அவனை மெக்கானிக் ஆக்கிப் பார்த்தேன். கதை அரைப் பக்கத்தில் முடிந்துபோனது. மெக்கானிக் அந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டான்.

ஆகவே தையல்காரனே இருக்கட்டும். பள்ளிச் சீருடைகள் கடை முழுக்கக் குவிந்து கிடந்த வாரம் அது. ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு வந்துவிட்டான். உடைந்த மின்சார சைக்கிளின் சக்கர மோட்டார் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்திருந்தான். அதை நாம் சுற்றினால் அது மின்சாரம் தரும். அந்த மின்சாரம் பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து சின்னப் பம்புக்கு. இறக்கைகளுக்குப் பிளாஸ்டிக் குழாய். காகிதத்தில் அளவு வெட்டி, குழாயின்மேல் வைத்து, துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் வரைந்து, நாலு இறக்கை அறுத்தான்.

கம்பத்தில் ஏற்றினோம். அது இந்தப் பக்கம் கொஞ்சம் அசைந்தது. அந்தப் பக்கம் கொஞ்சம் அசைந்தது. நின்றுவிட்டது.

"காத்து பத்தல மாமா."

"தலையில முடியே நிக்க மாட்டேங்குது, காத்து பத்தலையா மாப்ள?"

கழற்றினோம், எண்ணெய் விட்டோம், மாட்டினோம். அசைய மாட்டேன் என்றது. நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள்தான் கேட்டாள்.

"டேய், சட்டைக்குக் கை வெட்டுற மாதிரியாடா வெட்டின?"

அப்படியேதான் வெட்டியிருந்தான். ஒரு வலக்கை. காகிதத்தைத் திருப்பிப் போட்டு ஓர் இடக்கை. மறுபடி வலது, மறுபடி இடது.* இரண்டு இறக்கைகள் ஒரு பக்கம் சுற்றப் பார்க்க, மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

மச்சான் தலையில் கை வைத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் சிரித்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குதுடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இந்தக் கதையில் வேறு எதை வெட்டினாலும் இந்தப் பத்தியை வெட்ட மாட்டேன்.

* கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கை. எதை வெட்டினாலும் ஜோடியாகத்தான் வெட்டும்.

4

(மின்சாரம் உண்டாகும் விதத்தை இங்கே விளக்கியிருந்தேன். மனைவி படித்துக் கொட்டாவி விட்டாள். எடுத்துவிட்டேன்.)

5

மறுநாளும் அவன் கடையைத் திறக்கவில்லை. புதிதாக இரண்டு வலக்கைகள் வெட்டி மாட்டினான். காற்றாடி சுற்றியது, நாலைந்து நாளில் பேட்டரி நிறைந்தது. இன்று பம்பைப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முடிவாக எழுதி வைத்தவை: தண்ணீர் சரிவேறி வருகிறது. அல்லது, பம்பு உறுமுவதோடு சரி, மச்சான் மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் போடுகிறான். அல்லது, அவள் போதும் என்று சொல்லி நிலத்தை

எனக்கு எழுத வரவில்லை.

தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இருவரும் மேலே, பம்பிலிருந்து போகும் ரப்பர் குழாயின் நுனி அவள் கையில். சுவிட்சை அக்காதான் போட வேண்டும் என்று மச்சான் கறாராகச் சொல்லிவிட்டான். இதோ, "ஏங்க!" என்று கத்துகிறாள். தண்ணீர் வந்ததற்கா, வராததற்கா? கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குச் சந்தோஷத்துக்கும் கோபத்துக்கும் ஒரே கத்தல்தான்.

நான் ஓட வேண்டும். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்ததாக எழுதலாம், வராததாகவும் எழுதலாம், உங்கள் இஷ்டம். மச்சான் பக்கத்தில் நிற்கட்டும். ரப்பர் குழாயை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.