படகு வருவதற்கு முன்

1
இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. நிவாரண நிறுவனம் ஒன்றில் அறிக்கை எழுதுவது என் வேலை. ‘மீண்டெழுந்த ஊரைப் பற்றி இரண்டு பக்கம், நாளைக்குள்’ என்கிறார் மேலதிகாரி. நாலாவது தடவையாகத் தொடங்குகிறேன்.

‘மூன்று வருட வறட்சிக்குப் பின் வெள்ளம் சூழ்ந்தபோது, துணிச்சல் மிக்க ஒரு பெண்...’

வேண்டாம். ‘துணிச்சல்’ என்று கேட்டாலே அவள் எழுந்து போய்விடுவாள்.

2
ஊரில் அவளை விதைக்காரி என்பார்கள். வறட்சிக் காலத்தில் ஊர்ப் பெண்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த விதையெல்லாம் மேட்டிலிருந்த பள்ளிக்கூட அறையில் டிரம் டிரம்மாக இருந்தது. சாவி அவளிடம். அதில் ஒரு சின்ன டிரம் சோளம். மூன்று வருட வறட்சியிலும் கருகாமல் நின்ற ரகம். வேறெங்கும் கிடைக்காது.

பிறகு ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. அறுபது பேர் அந்த அறையில் ஒண்டினார்கள். எங்கள் நிவாரணப் படகு இரண்டு நாள் வரவில்லை. (ஏன் என்று அறிக்கையில் எழுதக் கூடாதாம்.) அந்த இரண்டு நாளும் பெஞ்சுகளை உடைத்து அடுப்பெரித்து, எங்கும் கிடைக்கிற விதைகளை வேகவைத்துத் தின்று தீர்த்தார்கள். மூன்றாம் நாள் காலை மிச்சமிருந்தது சோளம் மட்டும்.

3
விதைக்காரி டிரம்மிடம் போனபோது அவளுடைய நாத்தனார் குறுக்கே நின்றாள். இடுப்பில் மகள் துவண்டு கிடந்தாள்.

“அண்ணி, இதை மட்டும் தொடாதீங்க. படகு இன்னிக்கு வந்துடும்.”

“நேத்தும் இதையேதான் சொன்னே.”

“இது போனா போனதுதான். அப்புறம் எதை நம்பி இருக்கிறது?”

‘விதைக்க ஆள் இருந்தால்தானே விதை!’ என்று விதைக்காரி பதில் சொன்னதாக முதல் வரைவில் எழுதியிருந்தேன். அலுவலகத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போய்ச் சுவரொட்டியில் போடலாம் என்கிறார்கள். அது நான் இட்டுக்கட்டியது. அவள் சொன்னது இவ்வளவுதான்:

“நகரு. தண்ணி கொதிச்சுடுச்சு.”

நாத்தனார் நகர்ந்தாள். நகர்வதற்கு முன் இரண்டு படி சோளத்தை அள்ளித் துணியில் முடிந்துகொண்டாள். மிச்சம் முழுவதும் உலைக்குப் போனது.

4
படகு அன்று மதியமே வந்தது.

இந்த வரியை வெட்டச் சொல்கிறார்கள், படிக்கிறவர்களுக்குக் குழப்பமாம். எனக்கோ இதைத் தாண்டவே முடியவில்லை. அந்த ஒருவேளைச் சாப்பாட்டால் ஒரு குழந்தையாவது பிழைத்தது என்று எழுதலாமா? யாருக்குத் தெரியும். அவளுக்கே தெரியாது. அன்றிலிருந்து நாத்தனார் அவளோடு பேசவில்லை.

“திட்டியிருந்தாங்கன்னா பரவாயில்ல,” என்றாள் விதைக்காரி, நான் முதல் தடவை போனபோது. “ஊர்ல ஒருத்தரும் திட்டல. அதான் தூக்கம் வரமாட்டேங்குது.”

5
நேற்று மறுபடி போனேன். மழை தள்ளிப்போய், முந்தின நாள்தான் ஒரு தூறல். வயலோரத்தில் விதைக்காரியும் நாத்தனாரும் நின்றிருந்தார்கள், நாத்தனார் கையில் அந்தச் சோள முடிச்சு. எட்டு மாதத்துக்குப் பிறகு பேசுகிறார்கள், அதுவும் சண்டை.

“இன்னிக்கே போட்டுடலாம்,” என்றாள் விதைக்காரி.

“ஒரு தூறலை நம்பியா? காஞ்சுதுன்னா இருக்கிறதும் போச்சு அண்ணி.”

“முடிஞ்சு வெச்சிருந்தா மட்டும்? பூச்சி விழுந்துடும்.”

விதைக்காரி என் பக்கம் திரும்பினாள். “நீங்க படிச்சவங்க. சொல்லுங்க.”

“பாதி விதைச்சுட்டு, பாதி வெச்சுக்கலாமே,” என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனாருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

“ரெண்டு படியில பாதி, குருவி தின்னவே பத்தாது. இவங்களைத்தான் நம்ம கதையை எழுத அனுப்பியிருக்காங்க, பாருங்க அண்ணி.”

6
‘விதைத்தார்கள்’ என்று முடித்தேன். அடித்தேன். ‘காத்திருந்தார்கள்’ என்று எழுதினேன். அதையும் அடித்தாயிற்று.

எனக்குத் தெரிந்தது இதுதான். வண்டி கிளம்பியபோது விதைக்காரி மண்டியிட்டுச் சுட்டுவிரலை மண்ணுக்குள் அடிவரை இறக்கினாள். நாத்தனார் பக்கத்தில் குனிந்தாள். வண்டி வளைவில் திரும்பிவிட்டது. விரல் ஈரத்தோடு வந்ததா, வெறும் புழுதியோடு வந்ததா என்று நான் பார்க்கவில்லை. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்.