ஏணி பக்கம் சாய்ந்த வளையம்

நகர உள்ளரங்கத்தின் கிழக்கு வளையம், ஏணி உள்ளே வந்தால் அவர் பக்கம் மூன்று விரல் சாயும். ஏணி என்பது கூடைப்பந்து வீரர் ஒருவருக்கு ஊர் வைத்த பெயர். கதவு நிலையில் தலை இடிக்காமல் அவர் நுழைந்த வீடே கிடையாது. சம்பளத்துக்கு ஆடிய காலம் முழுக்க, அந்தப் பக்கம் அவர் எறிந்த பந்தை வளையமே எட்டி வாங்கிக்கொண்டது. எதிரணிகள் சும்மா இருக்குமா? சங்கத்துக்குப் புகார் போனது. சங்கத்து ஆட்கள் ரசமட்டத்தோடு வந்தார்கள். சந்தேகப்பட்ட ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதிக்கக் கூடாதாம். ஏணியை வெளியே அனுப்பிவிட்டு அளந்தார்கள். வளையம் இம்மி பிசகாமல் நின்றது. ஒவ்வொரு புகாருக்கும் இதே கூத்துதான். தனக்குக் கைராசி என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

முழங்கால் போனதும் அதே அணிக்குக் கோச் ஆனார். பிடித்தது சனி. வளையம் இப்போது ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்த்துச் சாய்ந்தது. முற்பாதியில் எதிரணி அங்கே எறிந்து தவறவிட்டது. அதை ஊர் தன் பையன்களின் திறமை என்று எடுத்துக்கொண்டது. பக்கம் மாறிய பிற்பாதியில் பையன்கள் எறிந்த பந்தெல்லாம் இரும்பில் பட்டு வெளியே போனது. ஒரு பருவம் முழுக்க, கையில் இருந்த ஆட்டம் கைநழுவியது. “கோச் காசுக்குக் கை நீட்டிட்டார்” என்று முடிவெட்டும் கடையில் பேசினார்கள். பையன்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார்கள். விசாரணையில் தப்பாவிட்டால் ஆயுளுக்கும் எந்த அரங்கத்திலும் கால் வைக்க முடியாது என்றார் சங்கச் செயலாளர். பந்தைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாத மனிதர், தட்டில் போட்டதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவிக்கு வேறு சந்தேகம். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அவள் பார்வையிலிருந்து எதுவும் தப்பாது. பயிற்சி முடிந்து வரும் கணவரின் தோளில் தினமும் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. யாரவள் என்று கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். விசாரணை அன்று அவளும் அரங்கத்துக்குப் போய் உட்கார்ந்தாள். வளையத்தை அளக்க வழக்கம்போல ஏணியை வெளியே அனுப்பினார்கள். அவர் வாசலைத் தாண்டியதும் வளையம் நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டாள். அதன் வலையில் பிரிந்து தொங்கிய வெள்ளை நூலையும் பார்த்துவிட்டாள்.

“அவரை உள்ள வெச்சுட்டு அளங்க,” என்றாள்.

அளந்தார்கள். ரசமட்டத்தின் குமிழி ஓரத்துக்கு ஓடியது. செயலாளர் ஏணியை ஏற இறங்கப் பார்த்து, “உங்களுக்கும் இதுக்கும் எத்தனை நாளா பழக்கம்?” என்று கேட்டார்.

“சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்று அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவள் நம்பவில்லை.

வளையத்தைக் கழற்றிப் புதிது மாட்டினார்கள். அது மறுநாளே சாய்ந்தது. அப்படியானால் கோச்சைத்தான் மாற்ற வேண்டும் என்று செயலாளர் எழுந்தார். ஏணியின் மனைவி, விளக்கு மாற்ற வைத்திருந்த சக்கரம் பூட்டிய உயர மேசையை உருட்டிவரச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். எல்லோருக்கும் கேட்கும்படி வளையத்திடம் பேசினாள்.

“இந்தா பாரு, புருஷனைப் பங்கு கேட்டா புள்ளைங்களையும் சேர்த்துத்தான் பங்கு எடுத்துக்கணும். இந்தப் பசங்க அவர் புள்ளைங்க மாதிரி. அதுங்க வயித்துல அடிக்காத. ஆடுறப்போ எல்லாருக்கும் நேரா நில்லு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.” சொல்லிவிட்டு மேசை மேலேயே உட்கார்ந்து அழுதாள். அவமானம் தாங்கவில்லை அவளுக்கு.

அன்றிலிருந்து ஆட்டம் முடியும்வரை வளையம் நேராக நிற்கிறது. அணி ஜெயிக்கவும் செய்கிறது, தோற்கவும் செய்கிறது. தோற்றால் ஊர் கோச்சைத் திட்டுகிறதே தவிர, விலைபோனார் என்று சொல்வதில்லை. புதிதாகச் சேரும் பையன்கள் வளையத்தைச் சின்னம்மா என்கிறார்கள். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் ஏணி மட்டும் உள்ளே இருக்கிறார். அவர் மனைவி வெளியே ஐந்து நிமிடம் காத்திருக்கிறாள். ஆறாவது நிமிடம் கதவைத் தட்டுகிறாள்.