மாறி வந்த இசைத்தட்டு

கொட்டாரம் ஊரில் அரிசிக்கடை வைத்திருந்த பகவதியப்பன் நெல்லை உள்ளங்கையில் வைத்து ஊதினாலே போதும், அது எந்த வயல், என்ன விலை போகும் என்று சொல்லிவிடுவான். சங்கீதத்தில் மட்டும் ஆள் சுத்த சூனியம். அப்பேர்ப்பட்டவன் கிராமபோன் பெட்டி வாங்கி, மாதம் ஒரு தட்டு என்று சேர்க்க ஆரம்பித்ததும் கடைத்தெரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டும். அவன் வாங்கியது ஊருக்காக அல்ல, மனைவி ஓமனாவுக்காக.

சிதறாலிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் ஓமனா பாடாமல் ஒரு வேலை செய்ததில்லை. அரிசி களைந்தால் ஒரு பாட்டு, முற்றம் பெருக்கினால் ஒரு பாட்டு. சின்ன வயதில் முறையாகப் படித்தவள். தலைப்பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு பாட்டு நின்றுவிட்டது. வேலை நடக்கும், பேச்சும் நடக்கும், பாட்டு மட்டும் கிடையாது. அந்த வீட்டுக்குள் நுழைவதே பகவதியப்பனுக்குப் பாரமாக இருந்தது. நல்ல சங்கீதமாகக் காதில் விழுந்தால் அவளும் வாய் திறப்பாள் என்று நம்பினான்.

நாகர்கோவிலில் இசைத்தட்டு விற்கும் கபிரியேலிடம் அவன் கேட்பது ஒரே கேள்விதான்.

"அண்ணாச்சி, இருக்கதுலயே மேலான சரக்கு எது?"

கபிரியேலும் வஞ்சகமில்லாமல் பெரிய பெரிய வித்வான்களாகப் போட்டுக் காட்டுவார். எந்தக் குரல் கூரை முட்ட ஏறி, வேகமாக உருண்டு இறங்குகிறதோ அதை எடுத்துக்கொள்வான். வீட்டுக்கு வந்து சாவி கொடுத்து ஊசியை வைப்பான். ஓமனா கதவோரம் நின்று முழுதும் கேட்பாள்.

"நல்லாயிருக்கு" என்பாள். உலையைப் பார்க்கப் போய்விடுவாள். அலமாரி நிறைந்துகொண்டிருந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் பஸ் கிளம்பும் அவசரத்தில், போட்டுக் கேட்காமல் உறையை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கி வந்துவிட்டான். வீட்டில் உறையை உருவினால் உள்ளே இருந்தது வேறு தட்டு. வெறும் வயலின்.

"ஏட்டி, ஏமாந்துட்டேன். இதுல பாடுகதுக்கு ஆளில்ல. நாளைக்கே கொண்டுபோய் மாத்திட்டு வாறேன்."

"சாரமில்ல, போகட்டும். கொண்டுவந்தத ஒருக்கா போடுங்க" என்றாள் ஓமனா, அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டே.

போட்டான். வயலின் நிதானமாகத் தொடங்கியது. ஓமனா படித்த கீர்த்தனை அது. இத்தனை நாளும் அவன் சுமந்து வந்த பெருங்குரல்களுக்குப் பக்கத்தில் அவள் வாய் திறக்க ஏது இடம்? இதில் பாட வேண்டிய ஆளின் இடம் காலியாகக் கிடந்தது. புளிக்கையோடு முதலில் முனகினாள். பிறகு சொற்கள் வந்தன. நடுவில் ஒரு அடி விட்டுப்போயிற்று. அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் அடுத்த அடியில் சேர்ந்துகொண்டாள். பகவதியப்பன் மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்திருந்தான். கண் நிறைந்து பெட்டியே மங்கிப்போயிற்று.

இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் அந்தத் தட்டில் ஒரு கீர்த்தனை. முதல் பக்கம் தீர்ந்து ஊசி கரகரவென்று அரைத்தது. பாய்ந்துபோய் ஊசியைத் தூக்கினான். திருப்பிப் போடுவதற்குள் அவள் நிறுத்திவிடுவாளோ என்று அவசரமாகத் தட்டைக் கையில் எடுத்தான்.

ஓமனா நிறுத்தவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, சரணத்தை அவளாகவே எடுத்தாள்.

அவன் தட்டைத் திருப்பவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே போய் அடுக்களை வாசலில் உட்கார்ந்தான்.