கண்ணாடி வெயில்

தை மாதத்தில் கம்பந்தட்டை ஏற்றி வந்த வண்டி குளத்தூர்க் கரிசலில் குடைசாய்ந்தபோது, பெத்தம்மாளின் வலது தொடை அதன் அடியில் மாட்டிக்கொண்டது. அவள் கணவன் வன்னியபெருமாளும் பக்கத்துப் புஞ்சைக்காரர்களும் வண்டியைத் தூக்கி அவளை வெளியே எடுத்தார்கள். ஒரு கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்து, லாரி பிடித்துக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

டாக்டர் சாமுவேல்ராஜ் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொடை எலும்பு முறிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. காலை இழுத்துக் கட்டி, கட்டில் முனையில் எடை தொங்கவிட்டார். எலும்பு நேரே வந்ததும் தொடையைத் திறந்து உள்ளே எஃகுக் கம்பி செருக வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். பெத்தம்மாளுக்குத் 'திறந்து' என்ற சொல் மட்டுமே காதில் நின்றது. காலை எடுக்கப் போகிறார்கள் என்றே நினைத்தாள். அதை யாரிடமும் கேட்கவில்லை. சோறும் இறங்கவில்லை.

வார்டு நர்ஸ் ஸ்டெல்லாமேரி தட்டில் ஆறிக்கிடந்த சோற்றைப் பார்த்தாள். நேரே போய், ஆபரேஷன் அறையிலிருந்து அந்தக் கம்பியையே எடுத்துவந்து பெத்தம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். கிணற்றுத் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தது அது.

"இதத்தான்க்கா உள்ள வைக்கப் போறாவ. காலை எடுக்கதுக்கு இல்ல, நிக்க வைக்கதுக்கு. திரும்பக் கொதிக்கவச்சுத்தான் போடுவோம்."

பெத்தம்மாள் கம்பியை விரலால் தடவிக்கொண்டே கிடந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அன்னைக்கு நீங்க இருப்பியளா?"

"ஒங்க தலைமாட்டுலயே இருப்பேன்."

மாசியில் ஒரு முற்பகல் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டதும் பாதத்திலிருந்து ஒரு வெதுவெதுப்பு ஏறியது. அது இடுப்புவரை வந்து நின்றதும், இடுப்புக்குக் கீழே அவள் இல்லாமல் போனாள். நெஞ்சுக்கு நேரே வெள்ளைத் துணி தொங்கியது. அதற்கு அப்பால் டாக்டரும், கருவிகளை எடுத்துக் கொடுக்கும் கம்பவுண்டர் மாயகிருஷ்ணனும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் காலு எங்கன போச்சு?"

"அங்கனதான் இருக்குக்கா. ஒறங்குது," என்று அவள் நெற்றியில் கை வைத்தாள் ஸ்டெல்லாமேரி.

சுத்தியல் சத்தம் கேட்டது. எங்கோ தூரத்துப் புஞ்சையில் யாரோ மாடு கட்ட முளை அடிப்பதைப் போல இருந்தது. வலி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மட்டும் லேசாக அசைந்தது. அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

டாக்டரின் குரல் மாறவில்லை. நர்சுகள் தங்கும் அறையிலிருக்கும் நிலைக்கண்ணாடியை எடுத்துவந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று வெயிலை உள்ளே திருப்பும்படி ஆயா வள்ளித்தாய்க்குச் சொல்லியனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் உள்ளே பாய்ந்தது. மாயகிருஷ்ணன் கை ஜாடை காட்டக் காட்ட, அது துணிக்கு அப்பால் போய் விழுந்தது. தெறித்த ஒரு துண்டு மட்டும் கூரையில் நின்று நடுங்கியது.

பெத்தம்மாள் அதையே பார்த்தாள். கூரை தண்ணீராகிவிட்டது. மழை பெய்து நிறைந்த கண்மாயில் மல்லாந்து மிதக்கிறாள். கரையெங்கும் பருத்தி வெடித்து வெள்ளைவெளேர் என்று கிடக்கிறது. காற்று வந்தால் பறந்துவிடும்.

"பருத்தி பூராவும் வெடிச்சிருச்சு," என்றாள். "எடுக்க ஆள் பத்தாது."

"நான் வாரேன்க்கா," என்றாள் ஸ்டெல்லாமேரி. "ரெண்டு பேருமா எடுத்துருவோம்."

அந்தக் கண்மாய்க்குள்ளேயே அவளும் எங்கோ பக்கத்தில் நிற்பதைப் போலிருந்தது அந்தக் குரல்.

வெளியே சூரியன் நகர நகர, வள்ளித்தாய் வெறுங்காலோடு சுடும் மண்ணில் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபடி நகர்ந்துகொண்டே இருந்தாள். தையல் முடிந்து, போதும் என்று மாயகிருஷ்ணன் ஜாடை காட்டியபோது, அவளுடைய கைகள் மடங்க மறுத்தன. டாக்டர் வெளியே வந்து கண்ணாடியை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

அதன்பின் பெத்தம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. இறங்கியது, மறுபடி வந்தது, பிறகு போய்விட்டது. புண் ஆறியது. வள்ளித்தாய் அவளைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டாள். ஸ்டெல்லாமேரி பாதத்தைப் பிடித்து அசைக்கப் பழக்கினாள். படுத்தே கிடந்தவளுக்கு எல்லா முகங்களும் மேலிருந்து குனிந்தவைதான். மோவாய், மூக்குத்துவாரம், அதற்குமேல் கூரை ஓடு.

பங்குனி பிறந்த பிறகு ஒரு காலையில் கக்கத்தில் கட்டையைக் கொடுத்து அவளை நிறுத்தினார்கள். ஒருபக்கம் வள்ளித்தாய், மறுபக்கம் ஸ்டெல்லாமேரி. வாசலில் வன்னியபெருமாள் மேல்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். வார்டு ஒருமுறை சுழன்று, மெல்ல வந்து நிலைகொண்டது. அவள் வலது பாதத்தைத் தரையில் ஊன்றினாள். தரை இருந்தது.

மூச்சுவிட்டுத் திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஸ்டெல்லாமேரி அவளுடைய தோளுக்குக்கூட வரவில்லை.

"ஏ தாயி, நீங்க இம்புட்டுத்தானா?" என்றாள் பெத்தம்மாள்.

ஸ்டெல்லாமேரி அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.